பத்மினிக்கு மூச்சுத் திணறியது
(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

பத்மினி என்றதும் உங்களில் சிலருக்கும், உங்கள் பாட்டிமார் எல்லாருக்கும், ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் ஆடிய நடிகைதான் நினைவுக்கு வருவார். தோழியரே, நான் எழுதப் புகுந்தது அவரைப் பற்றி அன்று. கிளென்மார்கனில் எங்கள் வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கும் ஒரு வெள்ளைக் காரைப் பற்றி. அதன் முழுப்பெயர் பிரீமியர் பத்மினி. 1985-ஆம் ஆண்டு மாடல். என்னைவிடப் பல ஆண்டுகள் மூத்தது என்பதால் ‘பத்மினி அக்கா’ என்றே எங்கள் வீட்டில் பெயர்.

இத்தாலி நாட்டு ஃபியட் 1100 காரைப் பம்பாய் குர்லாவிலிருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தார் நம் நாட்டில் செய்து வந்தார்கள். 1974-இல் அதற்கு ராஜபுத்திர அரசி பத்மினியின் பெயரை இட்டார்கள். 1,089 சி.சி. எஞ்சின், நான்கு கியர், கியர்த் தண்டு தரையில் இல்லை, ஸ்டீயரிங்கின் கழுத்தில் இருக்கும். 2000-ஆம் ஆண்டை ஒட்டி உற்பத்தி நின்றுபோயிற்று. மும்பையில் கறுப்பும் மஞ்சளுமாக ஓடிய பத்மினி டாக்சிகளும் 2023 அக்டோபரோடு விடைபெற்றுவிட்டன. ஆகவே, இதற்கு உதிரி பாகம் வேண்டுமென்றால் கடையில் போய்க் கேட்பது வீண். புதுப்பேட்டையில் பழைய சாமான் குவியலுக்கு நடுவே தேட வேண்டும். சென்னையில் இருக்கும் அத்தை மகன் எங்களுக்காக அந்தத் திருப்பணியைச் செய்து வருகிறார்.

கிளென்மார்கனைப் பார்த்திராதவர்களுக்குச் சிறிது சொல்லிவிடுகிறேன். ஊட்டியிலிருந்து தலைக்குந்தா வழியாக ஏறத்தாழ 20 கிலோமீட்டர். தேயிலைத் தோட்டம், சோலைக்காடு, மலை விளிம்பு. விளிம்பில் நின்றால் கீழே மோயாற்றுப் பள்ளத்தாக்கும் அப்பால் மைசூர்ச் சமவெளியும் தெரியும். 1932-இல் ஓடத் தொடங்கிய பைக்காரா மின் நிலையத்திற்கு எங்கள் ஊரிலிருந்துதான் குழாய்களில் தண்ணீர் இறங்குகிறது, சுமார் 900 மீட்டருக்கும் மேலான செங்குத்து! அந்தச் சரிவில் மின்வாரியத்தார் ஏறி இறங்க இரும்புக் கயிற்றில் இழுக்கும் வின்ச் வண்டி ஒன்று உண்டு. சுற்றுலா வருகிறவர்கள் எங்கள் ஊரை அழகு என்பார்கள். உண்மைதான். ஆனால், பேருந்தைத் தவறவிட்டால் அடுத்த பேருந்துக்குக் காத்திருக்கிறவர்களுக்கு அழகு அவ்வளவாகக் கண்ணில் படாது. இரவு பத்து மணிக்கு ஒருவருக்கு நெஞ்சுவலி என்றாலோ, ஒரு அக்காவுக்குப் பிரசவ வலி என்றாலோ, எங்கள் வரிசை வீடுகளில் முதலில் தட்டப்படும் கதவு எங்கள் வீட்டுக் கதவு. காரணம் பத்மினி அக்கா.

அப்பா தேயிலை ஆலை ஒன்றில் ஃபிட்டராக வேலை பார்த்தவர். காதாலேயே இயந்திரத்தின் நோயைச் சொல்லிவிடுவார். நீண்ட திருப்புளியின் நுனியை ஓடும் எஞ்சின்மேல் வைத்து, அதன் கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்பதுபோல் கண்ணை மூடிக் கேட்பார். ஆனால், மூன்று ஆண்டுகளாக அவருக்கு முடக்குவாதம். மலைக்குளிரில் விடியற்காலையில் விரல்கள் மடங்குவதில்லை, மடங்கினால் நிமிர்வதில்லை. கொஞ்சம் வெயில் ஏறியபிறகு ஸ்டீயரிங்கைப் பிடித்துவிடுவார். பத்தாம் நம்பர் ஸ்பேனரைப் பிடிப்பதுதான் முடியாது.

இந்த நிலையில்தான் பத்மினிக்கும் நோய் வந்தது. சமதரையில் நன்றாக ஓடும். ஏற்றத்தில் பத்து நிமிடம் போனதும் இருமும், குலுக்கும், நின்றுவிடும். நாலு பேர் சேர்ந்து பின்னால் தள்ளிச் சமதரைக்குக் கொண்டுவந்து, இருபது தடவை செல்ஃப் அடித்தால், ஒன்றும் நடவாததுபோல் கிளம்பும். நீலகிரியில் ஏற்றத்தில் ஏறாத காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஊட்டியில் ஒரு பட்டறையில் காட்டியதற்கு, “எஞ்சினை இறக்கிப் பிரிக்கணும், நாற்பதாயிரம் ஆகும்” என்று பானெட்டைத் திறக்காமலே சொன்னார்கள். அதோடு வேறொரு நெருக்கடி. சொந்தக் காருக்குப் பதிவுச் சான்றிதழ் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோய்க் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் காருக்கு 2025 அக்டோபரில் கெடு. காலாண்டு விடுமுறைக்கு விடுதியிலிருந்து நான் வீட்டுக்குப் போனபோது, பழைய இரும்பு வாங்குகிறவர் வந்து பார்த்து 18,000 ரூபாய்க்கு விலை பேசிவிட்டுப் போயிருந்தார்.

“இதுக்குக் கொட்டின காசுக்கு ஒரு மாடு வாங்கியிருந்தா பாலாவது கறந்திருக்கும். கொடுத்திடுங்க” என்றார் அம்மா.

அப்பா பதில் சொல்லவில்லை. தம் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்குப் பொறுக்கவில்லை. “அப்பா, நீங்க உட்கார்ந்து சொல்லுங்க. நான் கழற்றுகிறேன். விடுமுறை முடிகிறவரைக்கும் அவரை வரச் சொல்லாதீங்க” என்றேன். அப்பா வெகுநேரம் யோசித்துவிட்டு, “முதல்ல தலையை நல்லா முடிஞ்சுக்கோ. துப்பட்டாவைக் கழற்றி வை. ஃபேன் பெல்ட் யாரையும் பார்க்காது பாப்பா” என்றார். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டியவை மூன்று: காற்று, பெட்ரோல், தீப்பொறி. மூன்றும் சரியான நேரத்தில் சரியான அளவில் கிடைத்தால் ஓடும். எது கிடைக்கவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் வைத்தியம் என்றார் அப்பா. கேட்கும்போது எவ்வளவு எளிது! செய்யும்போதுதான், ஒவ்வொன்றையும் ஒரு துருப்பிடித்த நட்டு காவல் காப்பது தெரிகிறது.

முதல் நாள் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினோம். நான்கும் அடுப்புக்கரி போல் கறுத்திருந்தன. இதற்கு எங்கள் மலையே ஒரு காரணம். எங்கள் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்குமேல் குறைவு. கார்புரேட்டரோ சமவெளிக் கணக்குக்குச் செய்யப்பட்டது. அது விடுகிற பெட்ரோலுக்கு இங்கே காற்று போதாது. எரியாமல் மிஞ்சியது கரியாகப் படிகிறது. (இதே காரணத்தால்தான் ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திராமல் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, விடுதிச் சாப்பாட்டில் பருப்பு வேகாததற்கும் இதையே காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம்.) பிளக்குகளை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். கார்புரேட்டர் ஸ்குருவை அப்பா சொன்னபடி கால் திருகு திருகினேன். எஞ்சின் சத்தம் இனிமையாயிற்று. வண்டியை எடுத்தோம். ஏற்றத்தில் நின்றுபோயிற்று.

இரண்டாம் நாள், டிஸ்ட்ரிபியூட்டர். பட்டறைக்காரர்கள் ‘டெல்கோ’ என்பார்கள். அதன் மூடிக்குள் பாயிண்ட் என்று ஒரு சின்ன வாய் திறந்து திறந்து மூடும். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஒரு பிளக்கில் பொறி பறக்கும். அந்த வாய் எவ்வளவு திறக்க வேண்டும் என்பதற்கு அளவு உண்டு. அரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. காகிதம் போன்ற ஃபீலர் கேஜ் தகட்டை நடுவில் நுழைத்து, அது உரசியும் உரசாமலும் வரும்படி வைத்து ஸ்குருவை இறுக்க வேண்டும். இறுக்கும்போதே அது நகர்ந்துவிடும். மறுபடி தளர்த்த வேண்டும். மறுபடி வைக்க வேண்டும். தையல் வகுப்பில் மெல்லிய ஊசியில் நூல் கோப்பதை ஒரு வேலை என்று இனி நான் சொல்லமாட்டேன். பதினோராவது முறை சரியாக நின்றது. அப்பா கேஜை வாங்கித் தாமே இழுத்துப் பார்த்து, “இருக்கு” என்றார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு. ஆனாலும், வண்டி ஏற்றத்தில் நின்றுபோயிற்று.

நின்ற இடத்திலேயே ஒரு சோதனை செய்தோம். ஒரு பிளக்கைக் கழற்றி, ஒயரோடு எஞ்சின்மேல் படுக்க வைத்து, அப்பா செல்ஃப் அடித்தார். நீல நிறப் பொறி ‘டிக் டிக்’கென்று பறந்தது. ஆகவே, பொறி குற்றவாளி அன்று. மூன்றில் ஒன்று விடுதலை! அடுத்து, கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றிப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் விட்டுச் செல்ஃப் அடித்தோம். பெட்ரோல் ஒரே சீராகப் பீச்ச வேண்டும். அது நுரைத்து நுரைத்து, சளி பிடித்தவர் துப்புவதுபோல் வந்தது.

இதற்குள் எங்களைச் சுற்றி ஆலோசனைக் குழு ஒன்று கூடிவிட்டது. பக்கத்து வீட்டு மாமா, “பெட்ரோல் சூட்டில் ஆவியாகி அடைக்குது, பம்புமேல ஈரத்துணி போடு” என்றார். ஒரு காலத்தில் மலையேறும் கார்களில் எல்லாரும் செய்த வைத்தியம் அது, பொய்யில்லை. ஆனால், அன்று பனிமூட்டத்தில் கைவிரல் விறைத்துக்கொண்டிருந்தது. அந்தக் குளிரிலும் வண்டி நின்றதென்றால் சூடு காரணமாக முடியுமா? அதை நான் சொன்னபோது மாமா, “பத்தாவது படிக்கிற பிள்ளை, கேள்வி கேட்கத்தான் செய்யும்” என்று சிரித்தார். ஈரத்துணியையும் போட்டுப் பார்த்தோம், அவர் மனம் நோகக் கூடாதே என்று.

அப்பாவின் சந்தேகம் பெட்ரோல் பம்பின்மேல் விழுந்தது. எஞ்சினோடு சேர்ந்து ஒரு நெம்புகோல் ஆட, உள்ளே டயாஃப்ரம் என்னும் ரப்பர்த் திரை மேலும் கீழும் போய் வந்து, பின்னாலிருக்கும் டாங்கிலிருந்து பெட்ரோலை வரவழைக்கும். பம்பின் மூடியில் ஆறு ஸ்குருக்கள். ஐந்து வந்துவிட்டன. ஆறாவது அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டோம். சுடுதண்ணீர் விட்டோம். சுத்தியலால் மெல்லத் தட்டினோம். திருப்புளியை அழுத்தி என் உள்ளங்கையில் கொப்புளம். அன்று ராத்திரி ஸ்குருவை மண்ணெண்ணெயில் ஊறவிட்டுத் தூங்கப் போனேன். கனவிலும் ஸ்குரு.

மறுநாள் பாட்டி வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே, “பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குடி இந்தக் கிரீஸு? நாளைக்கு எவன் கட்டுவான்?” என்று ஆரம்பித்தார். பாட்டிக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு கதை தெரிந்திருந்தது. கார் என்பது பிறந்து நடை பழகிக்கொண்டிருந்த 1888-ஆம் ஆண்டு, ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்னும் 39 வயதுத் தாய், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியை, அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, தம் இரு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமிலிருக்கும் தம் தாய் வீட்டுக்குப் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். மூத்தவனுக்கு என் வயது, 15. அதுவரை யாரும் அவ்வளவு தூரம் காரில் போனதில்லை. வழியில் பெட்ரோல் பங்க் ஏது? வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி அடைப்பு எடுத்தார். ஒயர் உராய்ந்தபோது, காலுறை கட்டும் பட்டியைச் சுற்றிக் காப்பிட்டார். (சிஸ்டர், இது சரித்திரம், அப்படியே எழுதியிருக்கிறேன்.) பிரேக் கட்டை தேய்ந்தபோது, செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்து வாங்கினார். ஏற்றத்தில் மகன்கள் இறங்கித் தள்ளினார்கள். அந்த அனுபவத்தால்தான் மலையேற இன்னொரு கியர் வேண்டுமென்று கணவரிடம் சொன்னார். பாட்டி முழுவதையும் கேட்டுவிட்டு, “தாய் வீட்டுக்குத்தானே போனா, அப்ப சரி” என்றார்.

பாட்டி சமாதானமானதும் அப்பா தம் கட்சிக்கு ஜி. டி. நாயுடுவை இழுத்தார். கோயம்புத்தூருக்குப் பக்கத்துக் கலங்கல் கிராமத்திலிருந்து வந்து, ஓட்டலில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்டிக் கற்றுக்கொண்டவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ் விட்டுத் தொழில் தொடங்கியவர். “கழற்றினது அவருக்குப் பெருமையில்ல. பூட்டினாரே, அது பெருமை” என்றார் அப்பா. எனக்கு அந்த ஆறாவது ஸ்குரு நினைவு வந்தது.

அது அன்று மாலை அசைந்தது. ‘க்ரீச்’ என்று ஒரு சத்தம். எனக்கு அது கோயில் மணிபோல் கேட்டது. மரை கெடாமல் முழுசாக வெளியே வந்தது. பம்பைத் திறந்தால், டயாஃப்ரம் ஓரத்தில் கொஞ்சம் விறைத்திருந்தது. இதுதான் என்று எல்லாருக்கும் தோன்றியது. புதுப்பேட்டையிலிருந்து அத்தை மகன் பார்சலில் அனுப்பிய புது டயாஃப்ரம் மூன்று நாளில் வந்தது. பூட்டினோம். பத்மினியைத் துடைத்து, பாட்டி சொன்னபடி எலுமிச்சம்பழம் வைத்து, அம்மாவையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம்.

அதே ஏற்றம். அதே வளைவு. அதே இருமல்.

அம்மா ஒன்றும் சொல்லாமல் இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அப்பா, “நீ படிக்கிற வேலையைப் பாரு பாப்பா. சனிக்கிழமை அந்த ஆளை வரச் சொல்லிடறேன்” என்றார். அன்று வியாழக்கிழமை.

இரவு அறிவியல் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மனம் படிப்பில் இல்லை. பம்பு பெட்ரோலை ‘இழுக்கிறது’ என்கிறோம். உண்மையில் அது இழுப்பதில்லை. பம்புக்குள் அழுத்தம் குறைகிறது. டாங்கில் பெட்ரோல்மேல் இருக்கும் வெளிக்காற்று அதைக் குழாய்க்குள் தள்ளுகிறது. இது வகுப்பில் படித்ததுதான். அப்படியானால், வழியில் குழாயில் ஓர் ஓட்டை இருந்தால்? வெளிக்காற்று சுற்றிவளைத்துப் பெட்ரோலைத் தள்ளுவானேன்? நேரே ஓட்டைக்குள் நுழைந்துவிடுமே! ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலால் இளநீர் குடித்துப் பாருங்கள். காற்றுதான் வாய்க்கு வரும். பெட்ரோல் வெளியே ஒழுகுவதும் தெரியாது, எஞ்சின் ஓடும்போது உள்நோக்கியே இழுப்பதால். நுரை நுரையாகத் துப்பியதே, அது காற்றுதானே? ஏற்றத்தில் மட்டும் ஏன் என்பதற்கும் விடை கிடைத்தது. டாங்கு காரின் பின்புறம் இருக்கிறது. ஏறும்போது முன்புறம் உயர்ந்து பின்புறம் தாழ்கிறது. பெட்ரோல் இன்னும் அதிக உயரம் ஏறி வர வேண்டும். எஞ்சினும் அப்போதுதான் அதிகம் கேட்கிறது. கஷ்டப்பட்டு இழுக்கும்போது ஓட்டை தன் வேலையைக் காட்டுகிறது.

விடிந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு, “கொத்தனார் லெவல் டியூப் வச்சிருப்பார், போய் ஒரு முழம் வாங்கிட்டு வா” என்றார். சுவர் மட்டம் பார்க்கிறார்களே, கண்ணாடி போல் உள்ளே தெரிகிற குழாய், அதுதான். பெட்ரோலுக்கு அது நாள்பட நிற்காது; ஒரு காலைச் சோதனைக்குப் போதும். பம்புக்குள் வரும் வழியில் இருந்த ரப்பர்க் குழாயை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதை மாட்டினோம். அடுப்பை அணைத்துவிட்டு வந்து அம்மாவும் நின்றார்.

முதலில் சமதரை. எஞ்சின் ஓடியது. குழாயில் பெட்ரோல் தெளிவாகப் போயிற்று. ஒரு குமிழிகூட இல்லை. என் வயிறு கலங்கிற்று. “இப்ப மூக்கை மேலே தூக்கி நிறுத்துவோம்” என்றார் அப்பா. வீட்டுக்குப் பக்கத்துச் சரிவில், காரை மேல்நோக்கி நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கல் கொடுத்து, மறுபடி கிளப்பினோம். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பிறகு ஒரு குமிழி, கடுகு அளவு, நிதானமாக நகர்ந்து போயிற்று. அதன் பின்னால் இரண்டு. அதற்குப் பின்னால் மணிமாலை கோத்ததுபோல் வரிசையாக! “அப்பா! வருது!” என்று நான் கத்தியதில் பக்கத்து வீட்டு மாமா யாருக்கோ அடிபட்டதென்று ஓடிவந்தார்.

குமிழிகள் பம்புக்கு வருமுன்பே இருக்கின்றன. ஆகவே, ஓட்டை பின்னால் எங்கோ இருக்கிறது. இத்தனை நாளும் நாங்கள் எல்லாரும் பானெட்டுக்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டிருந்தோம். ஜாக்கி வைத்துத் தூக்கி, அதை மட்டும் நம்பக்கூடாதென்று கற்பூர மரக் கட்டைகளையும் அண்டை கொடுத்து, நான் சாக்கு விரித்து மல்லாந்து அடியில் போனேன். நாற்பது வருஷத்துச் சேறு கண்ணில் உதிர்ந்தது. டார்ச் வெளிச்சத்தில், காரின் அடியே ஓடும் இரும்புக் குழாயை விரலால் தடவிக்கொண்டே போக, பின்சக்கரத்துக்கு முன்னால் ஓரிடத்தில் இரும்புக்குப் பதில் ரப்பர்! துருப்பிடித்த துண்டை வெட்டிவிட்டு, ஒரு சாண் ரப்பர்க் குழாயை யாரோ ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். அப்பா வாங்குவதற்கு முன்பே இருக்க வேண்டும். கம்பெனிப் புத்தகத்தில் இல்லாத ஒட்டு. அதை வளைத்தேன். கிளிப்புக்குப் பக்கத்தில், குளிர்காலக் குதிகால் போல், பாளம் பாளமாக வெடித்திருந்தது.

வயதும் ஒரு காரணம். இப்போதைய பெட்ரோலும் ஒரு காரணம் என்றார் அப்பா. பெட்ரோலில் எத்தனால் கலப்பது 2025-இல் நம் நாட்டில் 20 விழுக்காட்டை எட்டியிருக்கிறது. அதற்கென்று செய்த புது வண்டிகளுக்குக் கவலை இல்லை. பத்மினி காலத்து ரப்பருக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. அதைத் தாங்கும் குழாய் இப்போது கடையில் கிடைக்கிறது. மாமா ஊட்டிக்குப் போனவர் ஒரு அடி குழாயும் நான்கு கிளிப்பும் வாங்கி வந்தார். மொத்தம் 200 ரூபாய்க்குள்தான். நாற்பதாயிரத்தை நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பழைய இரும்புக்காரர் வந்தபோது வண்டி வாசலில் இல்லை. அப்பா ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, பத்மினி இரண்டாவது கியரில் அந்த வளைவைத் தாண்டிக்கொண்டிருந்தது. வழக்கமாக நிற்கும் இடம் வந்ததும் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டோம். தாண்டினோம். அப்பா ஸ்டீயரிங் கழுத்திலிருந்த தண்டைத் தட்டி மூன்றாவது கியருக்குப் போனார். ஏற்றத்தில் மூன்றாவது கியர்! தலைக்குந்தா வரை போய், டீ குடித்து, திரும்பி வந்தோம். போகும்போது எஞ்சினையே கேட்டுக்கொண்டிருந்த அப்பா, வரும்போது சீட்டி அடித்துக்கொண்டு வந்தார்.

அடுத்த வாரம் நான் விடுதிக்குத் திரும்பிய பிறகு ஊட்டியில் ஆய்வு நடந்தது. விளக்கு, ஹாரன், பிரேக், வைப்பர், புகை எல்லாம் பார்த்து, இன்னும் ஐந்து ஆண்டுக்கு முத்திரை கிடைத்தது. இன்னொன்று, என் நகக்கண்களில் ஏறிய கறுப்பு. விடுமுறை கழிந்து முதல் திங்கட்கிழமை நகப் பரிசோதனையில் சிஸ்டர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்ன வேலை செய்தாய்?” என்று கேட்டார்கள். சொன்னேன். தேங்காய் எண்ணெயில் சர்க்கரையைக் குழைத்துத் தேய்த்தால் கிரீஸ் போகும் என்று சொல்லிவிட்டு, பள்ளி ஜெனரேட்டர் காலையில் முக்குகிறதே, அது எதனால் இருக்கும் என்றும் விசாரித்தார்கள். பிளக் கறுத்திருக்கிறதா என்று பார்க்கலாம் என்றேன். அது டீசலில் ஓடுவது, அதற்குப் பிளக்கே இல்லையாம், சிஸ்டருக்குத் தெரிந்திருந்தது!

நவம்பரில் ஓர் இரவு, எங்கள் வரிசையில் கடைசி வீட்டு அக்காவுக்கு வலி எடுத்தது. பனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத நேரம். அப்பாவின் விரல்கள் மடங்க மறுத்ததால், அம்மா வெந்நீரில் துணியை நனைத்துச் சுற்றிவிட்டு ஓட்டச் சொன்னாராம். பெண் குழந்தை. அப்பா தொலைபேசியில் இதைச் சொன்னபோது நான் முதலில் கேட்டது, “ஏற்றத்தில் இருமிச்சா அப்பா?” என்றுதான். அம்மா பக்கத்திலிருந்து சிரித்தது கேட்டது. மாடு வாங்குகிற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

இடதுபக்கப் பின் கதவின் கண்ணாடி மட்டும் இறங்கினால் ஏறுவதில்லை. உள்ளே பல்சக்கரத்தில் இரண்டு பல் போயிருக்கும் என்பது அப்பாவின் கணிப்பு. அரையாண்டு விடுமுறைக்கு அது காத்திருக்கிறது.